பாதிப் பன்னாடை

“என்னைப் பன்னாடைன்னு சொல்லிட்டார் மேடம். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த மீட்டிங்குல.”

குணசீலன் நின்றபடியே சொன்னார். உட்காரக்கூடத் தோன்றவில்லை.

ஷம்ஷாத் நிமிரவில்லை. சின்ன இடுக்கியால் காகிதம்போல் மெல்லிய வெள்ளை வட்டம் ஒன்றை எடுத்து ஒரு மூடிக்குள் பொருத்திக்கொண்டிருந்தார்.

“யார் சொன்னது?”

“ஜி.எம்.தான். வேற யாரு.”

“அதுக்கு முன்னாடி என்ன சொன்னார்?”

“முன்னாடியா?” குணசீலன் யோசித்தார். “ஏதோ சொன்னார். அந்த வார்த்தை காதுல விழுந்ததும் மத்தது எதுவும் நிக்கலை மேடம்.”

“சரி, உட்காருங்க.”

சென்னைக்குத் தெற்கே மருந்துக் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் தொழிற்பேட்டை அது. கடைசித் தெருவில், டயர் கடைக்கு மேல்மாடியில் ஷம்ஷாத்தின் சோதனைக்கூடம். மருந்துத் திரவத்தை வடிகட்டுவதில் யாருக்கு என்ன தலைவலி வந்தாலும் அந்தப் படியைத்தான் ஏறுவார்கள். ஏறும்போது ஒரு கேள்வி இருக்கும். இறங்கும்போது இரண்டாகியிருக்கும். நேராகப் பதில் சொல்லும் வழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது.

குணசீலனைவிடப் பதினோரு வயது இளையவர் வேறு. குணசீலனுக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான்.

இருபத்திரண்டு வருஷம் இருமல் சிரப் பிரிவில் கொடி கட்டிப் பறந்தவர் அவர். வடிகட்டி இறங்கிய சிரப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “கண்ணாடி!” என்பார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் மற்ற வேலையே நடக்கும். போன வருஷம் அவரைக் கண் சொட்டு மருந்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் சனி பிடித்தது.

கண் சொட்டு மருந்தோடு இன்னொரு மருந்தும் சேர்ப்பார்கள். அதற்குக் காவல் வேலை. வாங்கியவர் பாட்டிலைத் திறந்த பிறகு உள்ளே கிருமி ஏதாவது புகுந்தால் அதைக் கொல்ல வேண்டும். அது ஒழுங்காகக் கொல்கிறதா என்று பார்க்க, கம்பெனியிலேயே வேண்டுமென்று கிருமியை உள்ளே விட்டு இருபத்தெட்டு நாள் காத்திருப்பார்கள்.

முதல் சோதனை பேட்ச்சில் கிருமி சாகவில்லை.

“பில்டர் பத்தலை. இன்னும் பொடி ஓட்டையாப் போடுங்க,” என்றார் குணசீலன். போட்டார்கள். இரண்டாவது பேட்ச்சில் கிருமி முன்னைவிடச் சௌக்கியமாக இருந்தது.

“ஒண்ணு பத்தாது. ரெண்டு மாட்டுங்க.” மாட்டினார்கள். மூன்றாவது பேட்ச்சில் கிருமி குடும்பம் குட்டியோடு குடியேறிவிட்டது.

நாலாவதும் போனால் பிரிவையே மூடிவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. அங்கே பாட்டிலுக்கு மூடி போடும் வேலையில் பதினாறு பெண்கள். ஒவ்வொருவரிடமும் பேசி, வேலை கற்றுக்கொடுத்துச் சேர்த்தவர் குணசீலன். வேறு பிரிவில் அவர்களுக்கு இடமில்லை.

“ஒரே கேள்விதான் மேடம்,” என்றார். “இருக்கிறதுலயே நல்ல பில்டர் எது?”

“எதுக்கு நல்லது?”

“கிருமியைத் தடுக்கத்தான்.”

“உங்களோடது தடுக்கலையா?”

“தடுக்கலைன்னுதானே ஓடி வந்திருக்கேன்!”

ஷம்ஷாத் இடுக்கியைக் கீழே வைத்தார்.

“பன்னாடையைப் பார்த்திருக்கீங்களா சார்?”

“கேட்டிருக்கேன். நேத்துகூடக் கேட்டேன்.”

“பார்த்திருக்கீங்களா?”

“தென்னை மட்டைக்கு அடியில சுத்தியிருக்குமே, வலை மாதிரி. எங்க ஊர்ப் பக்கம் கள்ளு வடிகட்டுவாங்க.”

“வடிகட்டும்போது அது என்ன பண்ணும்?”

“ஈ, எறும்பு, தூசு எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அவ்வளவுதான்.”

ஷம்ஷாத் அந்த மூடியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“உங்க ஜி.எம். அவசரப்பட்டுட்டார் சார். நீங்க பாதிப் பன்னாடைதான். பிடிச்சு வச்சுக்க நல்லா வருது. மீதிப் பாதி இன்னும் வரலை.”

குணசீலனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒருவர் முழுசாகத் திட்டினார். அதில் பாதியைக் கழித்துக்கொண்டு இன்னொருவர் திட்டுகிறார்.

“நாளன்னிக்கு வாங்க,” என்றார் ஷம்ஷாத். “நீங்க மாட்டின பில்டர்ல புதுசா ஒண்ணு கொண்டு வாங்க.”

அவர் மறுபடியும் இடுக்கியை எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது.

*

மறுநாள் காலை பில்டர் விற்கும் பிரதிநிதி வந்தார். கழுத்தில் டை, கையில் வழுவழு புத்தகம்.

“சார், இதைவிடப் பொடி ஓட்டை உலகத்துலயே இல்லை. ஒண்ணையும் விடாது சார்.”

ஒன்றையும் விடாது. அந்த வார்த்தை குணசீலனுக்குச் சிரப்பாக இனித்தது. புத்தகத்தை வாங்கி மேஜைமேல் திறந்தே வைத்தார்.

மதியம் சகாயமேரி வந்து கதவருகே நின்றாள். மூடி போடும் பதினாறு பேரில் அவள்தான் மூத்தவள்.

“சார், கார்மெண்ட்ஸ்ல ஆள் எடுக்கறாங்களாம். நான் போகட்டுமா, இருக்கட்டுமா?”

“இங்கே என்ன குறைச்சல்?”

“மூடப் போறாங்கன்னு கேன்டீன்ல பேச்சா இருக்கு.”

“யார் சொன்னது உனக்கு?”

“எல்லாரும் சொல்றாங்க சார். நீங்க மட்டும்தான் ஒண்ணும் சொல்லலை. அதான் பயமா இருக்கு.”

குணசீலன் மேஜைமேல் இருந்த புத்தகத்தைப் புரட்டினார்.

“போய் வேலையைப் பாரு. நான் பார்த்துக்கறேன்.”

அவள் போய்விட்டாள். என்ன பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

*

சொன்ன நாளில் பில்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

ஷம்ஷாத் அதைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த வெள்ளைச் சவ்விலிருந்து ஒரு வட்டம் வெட்டினார். தன் அலமாரியிலிருந்து வேறொரு சவ்வை எடுத்து, அதிலும் ஒரு வட்டம் வெட்டினார். இரண்டும் ஒரே வெள்ளை. ஒரே கனம்.

“ரெண்டுக்கும் ஓட்டை ஒரே அளவு. கிருமி ரெண்டுலயும் நுழையாது. இந்த ரெண்டு ரகத்துலயும் நான் முன்னாடியே விட்டுப் பார்த்திருக்கேன்.”

“அப்போ ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?”

ஷம்ஷாத் ஒரு கிளாஸில் நீலத் தண்ணீரை ஊற்றி, ஊசி போடும் குழாய் இரண்டைக் குணசீலன் கையில் கொடுத்தார். குழாயின் நுனியில் ஒவ்வொரு வட்டம்.

“நீங்களே தள்ளுங்க.”

குணசீலன் முதல் குழாயில் நீலத்தை உறிஞ்சி, வட்டத்தின் வழியே மெல்லத் தள்ளினார். கீழே சொட்டியது நீலமில்லை. வெறும் தண்ணீர், அவ்வளவு தெளிவு.

கை தானாகவே அதை வெளிச்சத்துக்குத் தூக்கியது.

“கண்ணாடி!”

“அடுத்தது,” என்றார் ஷம்ஷாத்.

இரண்டாவது குழாய். உள்ளே போன நீலம் அப்படியே கீழே இறங்கியது. குணசீலன் உதட்டைப் பிதுக்கினார்.

“இது வெறும் பன்னாடை மேடம். எல்லாத்தையும் விட்டுடுச்சு.”

“எது நல்லது?”

“இதுல என்ன சந்தேகம்? முதல்ல தள்ளினதுதான்.”

“அது உங்களோடது.”

“பார்த்தீங்களா!” குணசீலனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “இருபத்திரண்டு வருஷ அனுபவம் மேடம். பில்டர் எடுக்கறதுல நான் தப்பு பண்ணமாட்டேன்னு எனக்குத் தெரியும். ஒண்ணையும் விடலை பாருங்க!”

ஷம்ஷாத் முதல் வட்டத்தை இடுக்கியால் கழற்றி, அவர் உள்ளங்கையில் வைத்தார். வட்டம் முழுக்க நீலம் ஏறியிருந்தது.

“நீலம்தான் உங்க காவல் மருந்துன்னு வச்சுக்குங்க.”

கீழே டயர் கடையில் யாரோ காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

குணசீலன் உள்ளங்கையைப் பார்த்தார். தெளிந்த தண்ணீரைப் பார்த்தார். திரும்ப உள்ளங்கையைப் பார்த்தார். பொடி ஓட்டையாகப் போட்டதையும் இரண்டாக மாட்டியதையும் நினைத்துப் பார்த்தார். பன்னாடைகூடத் தூசைப் பிடித்துக்கொண்டு கள்ளைக் கீழே விட்டுவிடும்.

அப்போதுதான் எங்கேயோ ஒளிந்திருந்த குரல் முழுசாகக் காதில் விழுந்தது. அவர் அதை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“தொட்டியில இருக்கிற மருந்துல கிருமி சாகுது. பாட்டில்ல இருக்கிற மருந்துல சாகலை. நடுவுல என்னய்யா நடக்குது, பன்னாடை!”

ஷம்ஷாத் புருவத்தை உயர்த்தினார். “யாரைத் திட்டறீங்க?”

“ஜி.எம். அன்னிக்குச் சொன்னது மேடம். மொத்தமும் இதுதான்.” குணசீலன் நீல வட்டத்தை மேஜைமேல் வைத்தார். “நான் கடைசி வார்த்தையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்.”

“நல்ல கேள்வியாத்தானே கேட்டிருக்கார்,” என்றார் ஷம்ஷாத், கிளாஸைக் கழுவப் போனபடியே. “நான் காட்டினது வெறும் சாயம். என் சவ்வையும் எடுத்துட்டுப் போய் உங்க மருந்தையே தள்ளிப் பாருங்க.”

*

தள்ளிப் பார்த்தார். அன்று மாலையே.

தொட்டியில் பத்துப் பங்கு இருந்த காவல் மருந்து, பழைய பில்டரைத் தாண்டியதும் ஆறாகியிருந்தது. இரண்டு பில்டரைத் தாண்டியபோது மூன்று. ஷம்ஷாத் கொடுத்த சவ்வில் ஏறக்குறைய பத்தும் கீழே வந்தது. முதலில் இறங்கும் கொஞ்சத்தில்தான் மருந்து குறைவு; அதை மட்டும் கொட்டிவிட்டால் போதும்.

இத்தனை நாளும் தொட்டியில் மட்டுமே அளந்திருக்கிறார்கள். பாட்டிலில் இறங்கியதை அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கணக்கு எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனார்.

“புதுசுலயும் ஓட்டை அதே அளவுதானா?” ஜி.எம். சந்தேகமாகப் பார்த்தார். “கிருமிக்கு இது போதுமாய்யா?”

“போதும் சார். பழசே போதுமாத்தான் இருந்தது. ஆனா கிருமியோட மருந்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கிச்சு. சவ்வை மாத்தினாப் போதும். நீங்கதான் அன்னிக்கே கேட்டீங்களே.”

“நான் என்ன கேட்டேன்?”

“தொட்டிக்கும் பாட்டிலுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு.”

“நானா கேட்டேன்?” ஜி.எம். முகத்தில் ஒரு பெருமை வந்தது. “நல்லாத்தான் கேட்டிருக்கேன்.”

“ஆமா சார். கடைசியில ஒரு வார்த்தையும் சொன்னீங்க.”

ஜி.எம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்து நேராக மூடி போடும் அறைக்கு வந்தார் குணசீலன். பதினாறு பேரையும் வெளி வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மூன்று பேட்ச் ஏன் போனது என்று சொன்னார். தப்பு தன்னுடையது என்று சொன்னார். நாலாவதும் போனால் மூடிவிடுவார்கள் என்பதையும், போகாது என்று தான் நம்புவதையும் ஒளிக்காமல் சொன்னார்.



“கார்மெண்ட்ஸுக்குப் போறவங்க போகலாம். நான் தப்பா நினைக்கமாட்டேன். இருபத்தெட்டு நாள்ல தெரிஞ்சிடும்.”

சகாயமேரி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல சார்,” என்றாள். பிறகு தலையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.

*

நாலாவது பேட்ச் வடிந்தது. குணசீலன் பழக்க தோஷத்தில் பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கினார். பிறகு சிரித்துக்கொண்டே இறக்கிவைத்து, அளக்க அனுப்பினார்.

ஏழாவது நாள் கிருமி குறைந்திருந்தது.

பதினாலாவது நாள் தேடவேண்டியிருந்தது.

இருபத்தெட்டாவது நாள் காலை பத்தரை மணிக்கு டயர் கடை மாடியில் தொலைபேசி அடித்தது. ஷம்ஷாத் இடுக்கியை ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் எடுத்தார். மறுமுனையில் பாட்டில்கள் ஓடும் சத்தம். பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம்.

“யார் பேசறது?”

“முழுப் பன்னாடை பேசறேன் மேடம்.”