இஸ்ரவேலின் குரலைக் குறைத்த கதை

மும்பை தாராவியில் ராப் பாடுகிறவர்களுக்குள் ஆயிரம் சண்டை உண்டு. ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை கிடையாது. பாட்டுக்குத் தாளம் அமைக்கிற பீட் என்றால் ஜெபராணிதான். அவர் வேண்டாம் என்று தலையசைத்தால், விடிய விடிய எழுதிய பாட்டையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

அவருடைய ஸ்டூடியோ ஒரே ஒரு அறை. கீழே தோல் பை தைக்கும் பட்டறை. தையல் மிஷின்கள் நிற்கிற மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் மேலே குரல் பதிவு செய்ய முடியும். அதனால் தாராவியின் நல்ல பாட்டெல்லாம் பசியோடு பாடியவை என்று ஒரு பேச்சு உண்டு.

சுடலைமுத்து அவருடைய சீடன். அவரைவிட நாலைந்து வயது மூத்தவன். அவன் அவரை அக்கா என்பான். அவர் அவனை அண்ணே என்பார். புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். அவர்களுக்குள் ஒரு குழப்பமும் இல்லை.

பல வருடங்களுக்கு முன்பு ஜெபராணி மூன்று ஆல்பங்களைச் செய்து முடித்திருந்தார். வெளியிட வேண்டிய கம்பெனியின் பங்குதாரர்கள் அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். ஆல்பங்கள் அப்படியே முடங்கின. இப்போதுதான் வழக்கு முடிந்து, வெளியிடலாம் என்று ஆனது.

மூன்றில் ஒன்று இஸ்ரவேல் பாடியது. ஆல்பம் முடங்கியதும் அவன் மனம் வெறுத்துத் தூத்துக்குடிக்கே திரும்பிப்போய் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். முன்னோட்டமாக அவனுடைய ஒரு பாட்டை மட்டும் விட்டார்கள். ஒரே வாரத்தில் அது தெருத்தெருவாகப் பரவியது. இப்படி ஒருத்தன் இத்தனை நாள் எங்கே இருந்தான் என்று எல்லோரும் கேட்டார்கள்.

சுடலைமுத்துவுக்கு வயிறு எரிந்தது. டீக்கடையில் அந்தப் பாட்டு. முடி வெட்டும் கடையில் அந்தப் பாட்டு. வீட்டில் அவன் மனைவியே தோசை வார்த்தபடி அதை முணுமுணுத்தாள். பாதித் தோசையில் எழுந்துவிட்டான். சட்னியில் காரம் அதிகம் என்று காரணம் சொன்னான்.

போதாததற்கு இஸ்ரவேலே போன் செய்தான்.

"ஏல சுடல, நம்ம பாட்டு நல்லாப் போவுதாம்லா? எனக்குக் கேக்கக்கூட நேரமில்ல. லோடு ஏத்திட்டு இருக்கேன்."

போனை வைத்தபின் எரிச்சல் இரண்டு மடங்கானது. ஏங்கி நின்றவனுக்குக் கிடைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பான். பாட்டை மறந்து வண்டி ஓட்டுகிறவனை அல்லவா தேடிப்போகிறது அதிர்ஷ்டம்!

சுடலைமுத்துவின் சொந்த ஆல்பமும் தயாராகத்தான் இருந்தது. அவனுடைய முதல் ஆல்பம். பழையவை வந்து முடியட்டும் என்று ஜெபராணி அதைத் தள்ளி வைத்துவிட்டார். இஸ்ரவேலுக்குப் பின்னால் வந்தால் தன்னை யார் கேட்பார்கள் என்று அவனுக்குப் பயம்.

நேராகவே கேட்டுவிட்டான்.

"பழச எதுக்குக்கா இப்ப விடணும்? என்னோடத விட்டா என்ன?"

"யாருக்குப் பழசு? கேக்கவன் இன்னைக்குத்தான கேக்கான்."

"இத்தன வருசம் உங்ககூடக் கெடந்தவன் நான். காத்திருந்தவன் பொண்டாட்டிய நேத்து வந்தவன் கொண்டுபோன கதையால்லா இருக்கு."

"இஸ்ரவேல் நேத்து வந்தவனா? உங்கள இங்க கூட்டிட்டு வந்ததே அவன்தான அண்ணே."

அது அவனுக்கு மறந்துபோயிருந்தது. நினைவுபடுத்தியதும் பிடிக்கவில்லை.

"உங்களுக்குப் பொறாமையே வராதாக்கா?"

"வரும். பசிக்கும்போது வரும். சாப்பிட்டாப் போயிரும்."

"எனக்குச் சாப்பாடே எறங்க மாட்டேங்கு."

ஜெபராணி நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். பிறகு இஸ்ரவேலின் ஆல்பத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்தார்.

"கம்பெனிக்கு நாளைக்கு அனுப்பணும். குரலையும் தாளத்தையும் கடைசியா ஒருவாட்டி நீங்க சரிபாத்து வைங்க."

அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அது அவனுக்கும் தெரியும்.

அவன் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் இஸ்ரவேலின் குரலைக் கொஞ்சமாகக் குறைத்தான். கேட்கிறவர்களுக்குக் குறை என்று ஒன்றும் தெரியாது. ஆனால் வரிகள் நெஞ்சில் வந்து மோதாது. நல்ல பாட்டுதான், ஏனோ மனசில் நிற்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். அவனுக்கு அது போதும்.

மறுநாள் மதியம் கீழே மிஷின்கள் நின்றன. ஜெபராணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் பாட்டில் பாதி போயிருக்கும், கையைத் தூக்கினார். அவன் நிறுத்தினான்.

"இஸ்ரவேல் பின்னால போய் நிக்கான்."

"அப்ப ரெக்கார்டு பண்ணதே அப்படித்தான்க்கா."

இருக்கலாம் என்பதுபோல் தலையாட்டினார்.

"சரி. இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளுங்க."

சுடலைமுத்து திரும்பிப் பார்த்தான். அவர் முகத்தில் கேலி இல்லை. குறைத்தான்.

"இன்னும்."

"அக்கா, வார்த்த கேக்காது."

"கேக்காண்டாம். முழுசா எறக்குங்க."

இறக்கினான். இஸ்ரவேலின் குரல் மொத்தமும் போயிற்று. உள்ளுக்குள் அவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது.

"இப்ப முதல்லருந்து போடுங்க."

தாளம் எழுந்தது. கொஞ்ச நேரம் அது மட்டும்தான். பிறகு திடீரென்று ஒரு குரல்.

"ஆமா!"

சுடலைமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவனுடைய குரல்.

இஸ்ரவேல் பாடி முடித்த அன்று, வரிகளுக்கு நடுவே உற்சாகமாகக் கூவ ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரும் கூப்பிடும் முன்பே சுடலைமுத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றான். நண்பனின் பாட்டைக் காதில் கேட்டபடி கூவினான். அதைத் தனியாகப் பதிந்து வைத்திருந்தார்கள். நேற்று அவன் வேலை செய்தபோதும் அந்தக் கூவல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இஸ்ரவேலையே குறி வைத்திருந்த காதில் அது விழவில்லை.

"அப்படிப் போடு!"

தாளம்.

"சொல்லுல... சொல்லு!"

பதிலுக்கு வர வேண்டிய இஸ்ரவேலின் வரி வரவில்லை. தாளம் தன்பாட்டுக்குப் போயிற்று. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

"சொல்லுல!"

அவன் நிறுத்தப் போனான்.

"ஓடட்டும்" என்றார் ஜெபராணி.

பாட்டு முழுக்க ஓடியது. கடைசியில் தாளம் நின்றபிறகு ஒரு சிரிப்புச் சத்தம். அதன்பின் மூச்சு வாங்கிக்கொண்டே அந்தக் குரல் சொன்னது.

"ஏல, கொன்னுட்டல மாப்ள!"

என்ன சந்தோஷம் அந்தக் குரலில்! அப்படிச் சொன்னதே அவனுக்கு ஞாபகமில்லை.

சுடலைமுத்துவுக்குக் காது சுட்டது. வெட்கம்தான். ஆனாலும் வயிற்றெரிச்சல் அப்படியே இருந்தது. வெட்கம் வந்தால் பொறாமை ஓடிவிடும் என்பதெல்லாம் சும்மா. இரண்டும் ஒரே வீட்டில் தாராளமாகக் குடியிருக்கும்.

கீழே ஒரு மிஷின் ஓடத் தொடங்கியது. பிறகு இன்னொன்று. கம்பெனிக்காரர்கள் அதற்குள் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள்.

அவன் இஸ்ரவேலின் குரலை ஏற்றக் கையை வைத்தான். கை அங்கேயே நின்றது.

"எவ்வளவுக்கா ஏத்தணும்?"

ஜெபராணி எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க அண்ணே? உள்ள ஒருத்தன் நின்னு சொல்லுல சொல்லுலன்னு கத்துதாம்லா, அவன்ட்ட கேளுங்க."