படுத்துத் தின்ன தூபரோ

ரோமாபுரிக்கு வெளியில ஒரு ஓக் மரக்காடு. காட்டை ஒட்டி ஒரு மேடு. மேட்டு மேல பெரிய பணக்காரர் வீடு. அந்த வீட்டு அடுப்படியில ஒரு மண்பானை. பானைக்குள்ள தூபரோ!

தூபரோ ஒரு காட்டெலி. வால் மட்டும் அணில் வால் மாதிரி புசுபுசுன்னு இருக்கும். மத்ததெல்லாம் தொப்பை! காட்டுலேருந்து பிடிச்சுட்டு வந்து மூணு மாசம் ஆச்சு. பானைக்கு மேல மூடி. பக்கவாட்டுல காத்துக்கு நாலு சின்ன ஓட்டை. வேளாவேளைக்கு அக்ரூட் பருப்பு உள்ள விழும். அய்யா படுத்தபடியே வாயத் தொறப்பாரு. அவ்வளவுதான் வேலை.

ஒரு நாள் ஓட்டை வழியா மூஸ்கா எட்டிப் பாத்தான். மூஸ்கா அந்த அடுப்படிச் சுண்டெலி. சிந்துறதப் பொறுக்கித் தின்னு ஈர்க்குச்சி மாதிரி இருப்பான்.

“அண்ணே, இப்படித் திங்காதீங்கண்ணே! எனக்கு பயமா இருக்கு.”

“பொறாமைடா உனக்கு! இந்த ஊர்ல படுத்துக்கிட்டு சாப்பிடுறது யாரு, சொல்லு!”

“பெரிய மனுஷங்க. கட்டில்ல சாஞ்சு, இடது முழங்கைய ஊனிக்கிட்டு சாப்பிடுவாங்க.”

“வேலைக்காரங்க?”

“நின்னுக்கிட்டே கோதுமைக் கூழு குடிப்பாங்க.”

“நான் எப்படிடா சாப்பிடுறேன்?”

“படுத்துக்கிட்டு...”

“அப்ப நான் யாருடா?” தூபரோ மிடுக்கா இடது முழங்கைய ஊனப் பாத்தான். தொப்பை விடல.

“அண்ணே, நான் அந்தச் சாப்பாட்டு ரூமுக்குள்ள போயிருக்கேன். அங்க படுக்குறதுல ரெண்டு வகை. கட்டில்ல படுக்குறவன் திங்குறவன். தட்டுல படுக்குறவன்...”

“போடா, கூழு நக்கிப் பயலே!”

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல விருந்து. சமையக்காரன் வந்து பக்கத்துப் பானையத் தொறந்தான். அதுல இருந்த லாபியோங்கிற எலியத் தூக்கிட்டுப் போனான். ஓட்டை வழியாப் பாத்த தூபரோவுக்கு வயிறு எரிஞ்சுச்சு. வெளிய நின்ன மூஸ்கா கிட்ட பொருமுனான்.

“பாத்தியாடா அநியாயத்த! எனக்கு முன்னாடி அவனைக் கூப்புடுறாங்க!”

கொஞ்ச நேரத்துல ஒரு வாடை குப்புன்னு அடிச்சுச்சு. மீனை உப்புல போட்டு, மாசக்கணக்குல வெயில்ல ஊறவச்சு, கறிக்கு ஊத்துற சாறு அது.

“அத்தர் வேற பூசுறாங்க அவனுக்கு!”

அப்புறம் பானை ஓட்டைக்கு நேரா ஒரு தட்டு போச்சு. தட்டுல லாபியோ. மேல தேன் பூசி, கசகசா தூவியிருந்துச்சு.

“அடடா, நலங்கு வச்ச மாப்பிள்ளை மாதிரியில்ல படுத்திருக்கான்! ஆமா... ஏன்டா கண்ணத் தொறக்கல?”

மூஸ்கா கண்ணப் பொத்திக்கிட்டான்.

“தூங்குறானா?”

மூஸ்கா ஓட்டைய விட்டு ஒரு அடி பின்னால போனான்.

“டேய் மூஸ்கா... அவன் மேல ஏன்டா ஆவி பறக்குது?”

வாயில இருந்த பருப்பு பொத்துன்னு கீழ விழுந்துச்சு. மூணு மாசத்துல தூபரோ துப்புன முதல் பருப்பு அதுதான்!

சமையக்காரன் திரும்பி வந்து பானையத் தட்டிச் சிரிச்சான். “நாளைக்கு இவன்தான்!”

தூபரோ ஓட்டையில முட்டிப் பாத்தான். மூக்கு மட்டும் போச்சு.

“பட்டினி கிடந்து இளைச்சுடவாடா?”

“ஒரு நாள்ல இளைக்கிற உடம்பாண்ணே இது?”

மறுநாள் சமையக்காரன் மூடியத் தொறந்து, தூபரோவைத் தூக்கித் தராசுல வச்சான். எலி என்ன எடைன்னு விருந்தாளிங்க கிட்ட சொல்லிக்கிறதுல அந்த எசமானுக்கு அப்படி ஒரு பெருமை! மேசைக்கு அடியிலேருந்து மூஸ்கா கத்துனான்.

“ஓடுங்கண்ணே!”

“கால் கீழ எட்டலடா!”

“அப்ப உருளுங்க!”

“பெரிய மனுஷன் உருளலாமாடா?”

“தேன் சட்டி வருதுண்ணே!”

அம்புட்டுதான்! தூபரோ உருண்டான். தராசுலேருந்து மேசை, மேசையிலேருந்து வாசப்படி, வாசப்படியிலேருந்து மேட்டுச் சரிவு! சமையக்காரன் ஒரு கையில கரண்டி, ஒரு கையில தேன் சட்டியோட தொரத்துனான். சிந்தியிருந்த ஆலிவ் எண்ணெயில வழுக்கி, தேன் சட்டிய தன் தலையிலயே கவுத்துக்கிட்டான்.

தூபரோ காட்டுக்குள்ள உருண்டு போய் ஒரு ஓக் மரத்துல முட்டி நின்னான். மூஸ்கா மூச்சு வாங்க ஓடி வந்தான்.

“அண்ணே, உசுரு இருக்கா?”

“இருக்குடா. பசியும் இருக்கு!”

“அந்தா, ஓக் கொட்டை கொட்டிக் கிடக்கு.”

“டேய் தம்பி... அதுல ஒண்ண எடுத்து வாயில போடேன்.”

“போடுறேண்ணே. எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

தூபரோ படக்குன்னு எந்திரிச்சு உக்காந்தான்!

கேக்காமலே ஒருத்தன் ஊட்டி ஊட்டி வளத்தான்னா, வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி ‘எதுக்கு?’ன்னு நாமதான் கேட்டுப்புடணும்.