கல்லின் மேல் ஒரு கடலை

காட்டோரக் கடலைக் கொல்லையில், வரப்புக்கு அடியில் வளை தோண்டி, மரிக்கொழுந்து என்ற வெள்ளெலி தன் ஒற்றை மகன் சுண்டானோடு குடியிருந்தாள். அதே வரப்பில் ஒரு சாரைப்பாம்பும் திரிந்தது. சருகு அசைந்தாலே மரிக்கொழுந்து மகனை வளைக்குள் இழுத்துக்கொள்வாள்.

"சுண்டான், விளையாடிட்டு உள்ளே வந்ததும் என்ன செய்யணும்?"

"வாசல்ல கல்லைத் தள்ளணும்!"

"இன்னொரு தடவை சொல்லு!"

பத்துத் தடவை சொன்னான். அம்மா இரை தேடிவிட்டுத் திரும்பினால், வாசல் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே சுண்டான், "கல்லைத் தள்ளணும், கல்லைத் தள்ளணும்" என்று ராகம் போட்டு ஆடிக்கொண்டிருந்தான்!

"தள்ளினியாடா?"

"அச்சச்சோ! பாடினதுல மறந்துட்டேம்மா!"

மறுநாள் ஞாபகத்துக்காக அவன் வாலில் ஒரு புல்லை முடிச்சுப் போட்டு விட்டுப் போனாள். திரும்பி வந்தபோதும் வாசல் திறந்தே கிடந்தது.

"வால்ல முடிச்சு எதுக்கும்மா? ருசியா இருந்துச்சு, தின்னுட்டேன்!"

மரிக்கொழுந்துக்கு அழுகையே வந்துவிட்டது. "கடலையை மட்டும் எந்த மூலையில ஒளிச்சு வச்சாலும் மறக்காம வந்து நிக்கிறியே!"

சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். ஓடிப்போய் ஒரு முழுக் கடலையை எடுத்து, வாசலோரம் இருந்த கல்லின் மேல் வைத்தாள்.

"தினமும் இங்கே ஒண்ணு இருக்கும். முதல்ல கல்லைத் தள்ளு, அப்புறம் தின்னு!"

அதற்கடுத்த நாள் அவள் திரும்பி வந்தபோது, வளை வாசலில் பாம்பு! செடி மறைவிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாசலில் கல் இறுகிக் கிடந்தது. பாம்பு முட்டியும் அசையவில்லை.

"மருமகனே!" பாம்பு குழைந்தது. "வாசல்ல இருக்கிற கல்லை விலக்கச் சொன்னாளே உங்கம்மா, மறந்துட்டியா?"

உள்ளே கடலை மெல்லும் சத்தம்.

"ஆமா மாமா! எனக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது!"

"அதான் இப்ப ஞாபகப்படுத்திட்டேனே!"

"எதை மாமா?"

பாம்பு மறுபடி சொன்னது. சுண்டான் மறுபடி கேட்டான். நாலாவது தடவை பாம்பு தலையில் அடித்துக்கொள்ளக் கையில்லாமல் தவித்தது.

"இந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு இவ எப்படித்தான் குப்பை கொட்டறாளோ!" என்று புலம்பிக்கொண்டே போய்விட்டது.

மரிக்கொழுந்து பாய்ந்து வந்து கல்லைத் தட்டினாள். "அம்மாடா! திற!"

"இரும்மா, இன்னும் ஒரு பருப்பு இருக்கு!"

குழந்தையிடம் நூறு தடவை சொல்வதைவிட, அதன் கண் தானாகப் போகிற இடத்தில் வேலையை வைத்தால் அது மறக்காது.