தவளைகளைக் காப்பாற்றப் போன யானை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் குன்றன் என்ற யானை அரசாண்டு வந்தது. காலையில் குன்றன்தான் முதலில் பிளிறும். அதற்குப் பிறகுதான் குயில் கூவலாம், குரங்கு கத்தலாம். அந்தக் காட்டின் சட்டம் அது.

ஒருநாள் அமைச்சர் நரி மூச்சிரைக்க ஓடி வந்தது. எதையும் பயமுறுத்திச் சொல்வதே அதன் வழக்கம்.

"அரசே! ஏழு மலைகளுக்கு அப்பால் ஒரு சதுப்பு நிலம். அங்கே தவளைகளுக்குள் பெரும் சண்டை! தலைவர்தான் முதலில் கத்த வேண்டும் என்கிறது ஒரு கூட்டம். எல்லாரும் ஒன்றாகவே கத்துவோம் என்கிறது இன்னொரு கூட்டம்!"

"கத்திவிட்டுப் போகட்டுமே," என்றது அரசி யானை.

"அப்படி விடலாமா? இன்று தவளை கத்தும். அதைப் பார்த்து நாளை கொக்கு கத்தும். மறுநாள் நம் மான்களே அரசருக்கு முன்னால் பிளிறும்!"

"மான் எப்படிப் பிளிறும்?"

"அதுதானே ஆபத்து, அரசி!"

குன்றனின் காதுகள் விடைத்தன. "என் கொள்கைக்கு எங்கே கேடு வந்தாலும் அது எனக்கு வந்த கேடு!" என்று அப்போதே புறப்பட்டுவிட்டது.

ஏழு நாள் நடந்து சதுப்பு நிலத்தை அடைந்தது. "தலைவரை மதிக்கும் தவளைகளே, அஞ்சாதீர்கள்! நான் வந்துவிட்டேன்!" என்று முழங்கியது.

தவளைகள் வாய் பிளந்து பார்த்தன. எல்லாமே பச்சை. எது எந்தக் கட்சி என்று குன்றனுக்குத் தெரியவில்லை.

"எதிரிகள் மட்டும் கை தூக்குங்கள்."

ஒரு கையும் எழவில்லை.

சரியென்று குன்றன் உள்ளே இறங்கியது. முதல் அடியில் தலைவர் தவளையின் வீடு நசுங்கியது. இரண்டாம் அடியில் கரை உடைந்தது. இரு கட்சித் தலைப்பிரட்டைகளும் வெள்ளத்தோடு போயின. மூன்றாம் அடியில் குன்றன் வயிறுவரை சேற்றில் புதைந்தது.

தலைவர் தவளை தாவி அதன் நெற்றியில் ஏறியது. "ஐயா, உங்களை யார் கூப்பிட்டது?"

"உங்கள் கொள்கையைக் காக்க வந்தேன்."

"கொள்கை இருக்கட்டும். எங்கள் பிள்ளைகள் எங்கே?"

சண்டையை மறந்து இரு கட்சித் தவளைகளும் பிள்ளைகளைத் தேடி ஓடின. சேற்றில் நின்றபடியே குன்றனும், தும்பிக்கைக்கு எட்டிய குட்டைகளில் துடித்த தலைப்பிரட்டைகளை மெல்ல உறிஞ்சி எடுத்து ஆழமான நீரில் விட்டது. யாரும் நன்றி சொல்லவில்லை.

இருபது நாள் கழித்துச் சேறு இறுகி, காலூன்ற இடம் கிடைத்தது. எலும்பும் தோலுமாக வெளியேறிய குன்றன் தள்ளாடியபடி காடு திரும்பியது.

"வெற்றிதானே, அரசே?" என்று நரி எதிரே ஓடி வந்தது. "நல்ல வேளை வந்தீர்கள்! ஒன்பது மலைகளுக்கு அப்பால் நண்டுகள் இருக்கின்றனவே, அவை..."

குன்றன் நரியைத் தும்பிக்கையால் தூக்கி, மலைப்பக்கம் முகம் இருக்கும்படி கீழே வைத்தது.

"நீயே நடந்து போ. நம்மை அவை கூப்பிட்டனவா என்று கேட்டு வா."

நீதி: கொள்கையின் பெயரால் பிறர் சண்டையில் அழையாமல் நுழையும் வலியவன், தான் காக்க வந்தவர்களையே முதலில் மிதிப்பான்.