சரளை மேட்டுக்கு ஒரு பாட்டு

ஓர் ஏரியின் நடுவே சரளை மேடு ஒன்று இருந்தது. சுற்றிலும் தண்ணீர். நாயும் வராது, காட்டுப்பூனையும் வராது. தரையில் முட்டையிடும் பறவைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்த ஏரியில் யாருக்கு எந்த இடம் என்பது ஒவ்வொரு கோடையிலும் பாட்டால்தான் முடிவாகும். இடம் கேட்கும் பறவை சபைக்கு வந்து, "நான் யார்" என்று தானே கட்டிய பாட்டைப் பாட வேண்டும். தன் குலமும் தான் வாழும் நிலமும் அதில் வர வேண்டும். நல்ல வழக்கம்தான். நாரை நடுவராக வந்த பிறகுதான் அது குட்டிச்சுவராகிப் போனது.

நாரைக்குத் தாமரை பிடிக்கும், நிலா பிடிக்கும், அன்னம் பிடிக்கும். அந்த ஏரியில் தாமரை ஒன்றுகூட இல்லை. அன்னத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் இவை இல்லாத பாட்டை நாரை பாட்டாகவே மதிக்காது. ஆகவே எல்லாப் பறவைகளும் மைனாவிடம் போய்ப் பாட்டைத் திருத்தி வாங்கிக்கொண்டன. கன்னங்கரேலென்ற நீர்க்காகம், "நிலவொளி மேனியன் நான்" என்று பாடியது. சபையும் தலையாட்டிக் கேட்டது. வெட்கக்கேடு!

ஆட்காட்டிக் குருவிக்கு இன்னும் நாலைந்து நாளில் முட்டையிட வேண்டும். போன வருடம் ஏரிக்கரையில் இட்ட நாலு முட்டைகளையும் காட்டுப்பூனை தின்றுவிட்டது. இந்த முறை மேடு கிடைத்தே ஆக வேண்டும். அது சரளையில் நடந்து நடந்து ஒரு பாட்டுக் கட்டி, சபையில் பாடியது.

"கூடு கட்டத் தெரியாதவள் நான்.
கல்லோடு கல்லாக முட்டையிடுவேன்.
என் பாட்டி கத்தினாள், ஏரி விழித்தது.
என் தாய் கத்தினாள், ஏரி பிழைத்தது.
கால் மஞ்சள், குரல் கரடு.
ஆபத்து வந்தால் சொல்வேன், அதுதான் நான்."

நாரை முகத்தைச் சுளித்தது. "கல்லும் கத்தலும் ஒரு பாட்டா? உன் குலத்தில் ஓர் அன்னம்கூடவா இல்லை?"

"இல்லை. எங்கள் குலத்தில் எல்லாரும் ஆட்காட்டிகள்தான்."

"அப்படியானால் மேடும் இல்லை. மைனாவிடம் திருத்திக்கொண்டு நாளைக்கு வா."

ஆட்காட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரோடு ஒத்துப் போ, முட்டைதான் முக்கியம் என்று தாழைக்கோழி புத்தி சொன்னது. முட்டையை நினைத்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வேறு வழியின்றி மைனாவிடம் போனது. மைனா கல்லை எடுத்துவிட்டுத் தாமரையைச் செருகியது. பாட்டியை எடுத்துவிட்டு அன்னத்தை வைத்தது. இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று ஆட்காட்டி கேட்டதற்கு, நாரைக்கு அது தேவையில்லை என்றது.

மறுநாள் ஏரிக்கரையில் சபை கூடியது. நாரை எப்போதும் கோரைப் புதருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கும். அப்படி நின்றால்தான் தண்ணீரில் தன் உருவம் நன்றாகத் தெரியும். ஆட்காட்டி குரலைத் தாழ்த்தித் தொடங்கியது.

"அன்னத்தின் பேத்தி நான்,
தாமரையின் தோழி நான்,
மென்குரல்..."

கோரை அசைந்தது. உள்ளே இரண்டு கண்கள் தெரிந்தன. காட்டுப்பூனை நாரையின் மேல் பாயப் பதுங்கியிருந்தது.

மென்குரலாவது மண்ணாங்கட்டியாவது! ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. சபை மொத்தமும் எழும்பிப் பறந்தது. நாரையும் பறந்தது. பூனைக்கு நாரையின் வாலிலிருந்து இரண்டு இறகுகள்தான் கிடைத்தன.

பூனை போன பிறகு எல்லாப் பறவைகளும் இறங்கின. நாரை நன்றி சொன்னதா? அதுதான் இல்லை. பாட்டு பாதியில் நின்றுவிட்டது, குரலும் சகிக்கவில்லை, ஆகவே ஆட்காட்டிக்கு இடம் கிடையாது, மேடு இனி நடுவருக்கே என்று தீர்ப்புச் சொன்னது.

ஆட்காட்டி நடுச்சபையில் வந்து நின்றது. "நாரையாரே, நேற்று நான் பாடியது இந்தக் குரலைப் பற்றித்தான். என் பாட்டியையும் அம்மாவையும் வெட்டி எறிய வைத்தீர்கள். இன்று அவர்கள் கொடுத்த குரலால்தான் உயிரோடு நின்று தீர்ப்புச் சொல்கிறீர்கள். மேட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மைனாவின் பாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் என் பாட்டோடு போகிறேன்."

அது கரையோரச் சரளையிலேயே நாலு முட்டைகள் இட்டது. முதலில் தாழைக்கோழி பக்கத்தில் குடிவந்தது. பிறகு நீர்க்காகம் வந்து, "கரியவன் நான், முங்கினால் மீனோடு எழுவேன்" என்று வெட்கத்தோடு பாடியது. ஒவ்வொன்றாக எல்லாம் வந்து சேர்ந்தன. பூனை இரண்டு முறை வந்தது. ஆட்காட்டி கத்தியதும் அத்தனை பறவைகளும் சேர்ந்து கொத்தி விரட்டின.

வெயில் ஏறியது. ஏரி வற்றி, மேடு கரையோடு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் காலையில் தன் கால்தடத்துக்குப் பக்கத்திலேயே பூனையின் கால்தடத்தைக் கண்டது நாரை. அன்றைக்கே கரைக்கு வந்து, ஓரமாக ஓர் இடம் கேட்டது.

"வழக்கப்படி பாடுங்கள்" என்றது ஆட்காட்டி, முட்டைகளின் மேல் அமர்ந்தபடியே.

"அன்னத்தின்..." என்று தொடங்கிய நாரை, சுற்றி நின்ற பறவைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. குனிந்து, சேறு படிந்த தன் கால்களைப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது: "சேற்றில் நிற்பவன் நான். என் அப்பாவும் சேற்றில்தான் நின்றார். மீன் வரும்வரை அசைய மாட்டேன்."

"இது பாட்டு. அதோ, அங்கே நில்லுங்கள். இந்த முறை கோரையைப் பார்த்து நில்லுங்கள்."

தன் மண்ணையும் தன் தாயையும் மறைத்து இரவல் பெருமை பாடுகிறவர்களை ஆபத்து வேளையில் அந்தப் பெருமை காப்பாற்றாது. காப்பாற்றுவது சொந்தக் குரல்தான்.