மூன்றடி உயர மேடை

தீர்ப்புச் சொல்லப் போகிறவர்கள் நீங்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பாதிக் கதையில் யார் பக்கமும் சேர்ந்துவிடாதீர்கள்.

கோவில்பட்டியில் ஒரு நாடக மன்றம் இருந்தது. ஆண்டுதோறும் நாடகம் எழுதும் போட்டி வைப்பார்கள். இருபது வருடமாக மன்றத்துக்குத் தெரிந்த நான்கைந்து பேரே மாறி மாறிப் பரிசு வாங்கினார்கள். எழிலரசி செயலாளராக வந்ததும், எழுதியவர் பெயரை மறைத்துத்தான் பிரதிகள் நடுவர்களிடம் போக வேண்டும் என்றாள். தையல் கடை, தீப்பெட்டி ஆலை, பஸ் நிலையம் என்று ஊர் ஊராக அறிவிப்பு ஒட்டச் செய்தாள்.

அந்த வருடம் 'மேல்வீடு' என்ற நாடகம் வென்றது. மாடியில் மாமியார், கீழே மருமகள். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் குரலாலேயே சண்டை போடுவார்கள். கடைசிக் காட்சியில்தான் மாமியார் கீழே இறங்கி வருவாள். நடுவர்கள் சிரித்துக்கொண்டே படித்து, கடைசிப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறைத்த பெயரைப் பிரித்துப் பார்த்தால், எட்டயபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் பொன்மாரி. "மேடையில் நீங்களே வந்து பரிசைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அன்றே உங்கள் நாடகமும் அரங்கேறும்" என்று எழிலரசி கடிதம் போட்டாள்.

விழாவுக்கு முதல் நாள் பொன்மாரி போனில் அழைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். மேடைக்குப் படி இருக்கா?"

"இருக்கும்மா. அஞ்சு படி."

"நான் சக்கர நாற்காலியில இருக்கிற ஆளுக்கா. சின்ன வயசுலயே போலியோ. மேடைன்னு எழுதியிருந்தீங்களா, அதான் கேட்டேன்."

எழிலரசிக்கு முகம் சுட்டது. எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டதாக நினைத்திருந்தாள். தினமும் ஏறி இறங்கிய அந்தப் படிகளை அவள் பார்த்ததே இல்லை.

"நீங்க வாங்கம்மா. மேடையிலதான் வாங்குவீங்க. அது என் பொறுப்பு."

உடனே மூன்று பேரைக் கூப்பிட்டாள். மன்றத் தலைவர் டாக்டர் தெய்வநாயகம், "நானே கீழே இறங்கி வந்து கொடுத்திடறேன். கொடுக்கிறவன் இறங்குறதுல என்ன குறைச்சல்?" என்றார். நடிகன் இருதயராஜ் கையை நீட்டிக் காட்டினான். "எங்கம்மாவை ஏழு வருஷம் இந்தக் கையாலதான் தூக்கினேன் மேடம். நாலு பேர் சேர்ந்து நாற்காலியோட பூ மாதிரி மேல வச்சிருவோம்." அரங்க அமைப்பாளர் வேலாண்டியோ டேப்பை எடுத்து மேடையின் உயரத்தை அளந்தார். "மூணடி. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடின்னா, சாய்தளத்துக்கு முப்பத்தாறு அடி நீளம் வேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு அண்ணன் ஓட்டிய ஆட்டோவில் பொன்மாரி வந்து இறங்கினாள். எழிலரசி அவளை உள்ளே அழைத்துப் போனாள். பக்கச் சுவரை ஒட்டி மேடைவரை நீளமாக ஒரு சாய்தளம் கிடந்தது. எழிலரசியின் மனம் குளிர்ந்தது. மேடையைப் பார்த்ததும் அந்தக் குளிர் போய்விட்டது. நாடகத்துக்காகப் போட்டிருந்த வீட்டில் மாடியைக் காணோம்.

"வேலாண்டி அண்ணே, மேல்வீடு எங்கே?"

"மரக்கடை எல்லாம் அடைப்பு மேடம். பலகைக்கு வேற எங்கே போவேன்?"

பொன்மாரி குனிந்து சாய்தளத்தின் பலகையைத் தொட்டாள். மாடிக்கென்று அவள் பிரதியில் எழுதியிருந்த அதே நீலச் சாயம். "என் மாடியைப் பிரிச்சா எனக்கு வழி போட்டீங்க?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் பரிசுக் கேடயத்தோடு வந்து நின்றார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்மா. இங்கேயே வாங்கிக்கோ. பலகையைத் திருப்பி மாட்டிருவாங்க. உன் நாடகம் முழுசா நடக்கட்டும்."

இருதயராஜ் குறுக்கிட்டான். "எதுக்கு சார் கீழே? நான் தூக்குறேன். தங்கச்சிக்கு மேடையும் கிடைக்கும், மாடியும் கிடைக்கும்."

வேலாண்டி தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். எழிலரசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பொன்மாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "நேத்தே கேட்டிருக்கணும். இப்பவாவது கேக்கறேன். நீங்க சொல்லுங்கம்மா."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒருவர் அவளுக்காக இறங்கி வந்தார். ஒருவன் அவளைத் தூக்க வந்தான். ஒருவர் அவள் நாடகத்தின் மாடியைப் பிரித்து அவளுக்கு வழி போட்டார். இன்னொருத்தி தாமதமாகக் கேட்டாள். இதில் யார் செய்தது சரி?

விடை: பொன்மாரி டாக்டரைக் கும்பிட்டாள். "மத்தவங்க மேல வாங்குறதை நானும் மேலேயே வாங்கறேன் ஐயா." இருதயராஜிடம் திரும்பினாள். "உங்க கை நல்ல கைதான் அண்ணே. ஆனா இறங்கணும்னு தோணுறப்ப நான் உங்களைத் தேடணுமே." ஆகவே வேலாண்டியின் வழியே சரி. ஆனால் மாடிக்கு உரியவளைக் கேட்காமல் பிரித்ததால் அது பாதிச் சரிதான். எழிலரசி கேட்ட பிறகே அது முழுச் சரியாயிற்று. பொன்மாரி தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி மேலே போய்ப் பரிசை வாங்கினாள். விழாவுக்கு முன் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் கடைசிக் காட்சியை மாற்றியும் எழுதினாள். மேடையே மாடி, சனங்கள் உட்கார்ந்திருந்த கூடமே கீழ்வீடு என்றாயிற்று. மாமியார் முப்பத்தாறு அடிச் சாய்தளத்தில் இறங்கி, சனங்களின் நடுவே நின்ற மருமகளிடம் வந்து சேர்ந்தாள். கூடமே எழுந்து நின்றது. அடுத்த மாதம் மன்றத்தில் சிமெண்டுச் சாய்தளம் கட்டினார்கள். அதில் முதலில் ஏறிப் போனவர் டாக்டர் தெய்வநாயகம். முழங்கால் வலியை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.