மேளத்தை முந்தாத கார்

நானூறு குதிரை சக்தி கொண்ட கார் வாங்கியதிலிருந்து காண்ட்ராக்டர் தில்லைநாதன் மன்னார்குடியில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் அதுதான் என்றார்.

"நம்ம பழைய திறந்த காரே போதுங்கய்யா, ஜாலியா இருக்கும்" என்றார் டிரைவர் சிங்காரம்.

"அந்த ஓட்டை வண்டி எதுல இதை ஜெயிக்கும்? காட்டு பார்ப்போம். இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

"சரிங்கய்யா. மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டுப் புதுக்காரை நீங்களே ஓட்டுங்க. நான் பழசைக் காலியாப் பின்னால கொண்டு வர்றேன். ஒண்ணே ஒண்ணு, மேளத்தை மட்டும் முந்தக்கூடாது."

நாதஸ்வரக்காரர் தெருமுனைக்குத் தெருமுனை நின்று தோடியை இழைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நானூறு குதிரையும் ஊர்ந்தது. ஏ.சி.க்காக ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடிக்குள் யார் இருக்கிறார் என்றே தெரியவில்லை. "மாப்பிள்ளை எங்கே?" என்று ஜனங்கள் காலிக் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். மூன்றாவது முனையில் மாப்பிள்ளையே கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, திறந்த காரில் ஏறி நின்று கையசைத்தார். மாடிகளிலிருந்து பூவாகக் கொட்டியது.

நான்காவது முனையில் தில்லைநாதனும் வந்து முன்சீட்டில் ஏறினார்.

"ஐயா, அந்த நானூறு குதிரை?"

"ஓரமாக் கட்டிப் போட்டுட்டேன். நீ ஹாரனை அடிய்யா!"